வெறும் தண்ணீர் போதாது
பெருங்குடலை எடுத்தவர்களுக்கு மலம் நீராகப் போனால் நிறையத் தண்ணீர் குடித்தாலே போதும் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. அதை ஏற்க முடியவில்லை. தினமும் ஒரு லிட்டருக்கு மேல் நீரையும் கூடவே உப்பையும் உறிஞ்சுவது பெருங்குடல்தானே. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, சிறுகுடலின் முனையை வயிற்றின் வெளியே கொண்டுவந்து, மலம் சேர அங்கே பை வைத்திருந்த முதல் மாதம் நாங்களும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தோம். பை இன்னும் வேகமாக நிரம்பியது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, எழுந்தால் தலைசுற்றல். பரிசோதித்தால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கியிருந்தது. அப்புறம் டாக்டர் வெறும் தண்ணீரைக் குறைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபரமைடு மாத்திரை. குழைந்த சோறு, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு இவற்றால் மெல்ல இறுகியது. மேலே கருத்து எழுதிய ஒருவர் கீரையும் முழுத் தானியமும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். மலச்சிக்கலுக்குச் சரி, சிறுகுடலில் பை வைத்தவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் நார் அடைத்துக்கொள்ளும், தயவுசெய்து வேண்டாம். பையில் சேர்வதை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்து வையுங்கள். ஒரு நாளில் 1.5 லிட்டரைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.