6க்குப் பிறகு 8தான் வரும் என்றில்லை

தம்பி, நிறைவு எண்கள் (தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் அதே எண் வருபவை, 6 = 1 + 2 + 3 போல) 6, 8 என்று மாறி மாறி முடியும், ஒவ்வோர் இலக்க நீளத்துக்கும் ஒன்று உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே கொப்பியில் இறக்கிவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

6, 28, 496, 8128 வரை சரி. ஐந்தாவது 33550336, எட்டு இலக்கம். இடையில் ஐந்து, ஆறு, ஏழு இலக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆறாவது 8589869056. இரண்டும் 6இல்தான் முடிகின்றன. (கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கசும் கி.பி. 100 அளவில் இதே பிழையைத்தான் எழுதினார், கவலைப்படாதீர்கள்.)

33550336 = 4096 × 8191. இதில் 8191 முதன்மை எண். 1, 2, 4 என 4096 வரையான காரணிகளைக் கூட்டினால் 8191. மிச்சக் காரணிகள் 8191இன் மடங்குகள்: 8191 × (1 + 2 + … + 2048), அதாவது 8191 × 4095. இரண்டையும் கூட்டுங்கள், அதே எண் வரும். கல்குலேட்டரே தேவையில்லை.

இரட்டை நிறைவு எண் 6 அல்லது 8இல் முடியும் என்பது மட்டும் உண்மை. ஒற்றை நிறைவு எண் இல்லவே இல்லை என்றும் போட்டிருக்கிறீர்கள். அதை இன்னும் யாரும் நிறுவவில்லை, அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.