பெரட்டுக்குப் போன வீட்டின் பின்னணி

பிள்ளையின் தேர்ச்சிக்குப் பள்ளியைவிடக் குடும்பமே பெரிய காரணம் என்று அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த 1966ஆம் ஆண்டு கோல்மன் அறிக்கையைக் காட்டி ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது அமெரிக்கக் கணக்கு ஐயா. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். இருட்டிலேயே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போகும் என் அம்மாவுக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது. ஆனால் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைக்காமல் ஒருநாளும் படுத்ததில்லை. இதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

என்னைத் தடுத்தது பள்ளி விதி. மலாய்மொழியில் தேறாததால், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்து மேசைக்காரன் (கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்) பாதியிலேயே செம்பனைக் காட்டு வேலைக்குப் போய்விட்டான்.

2021இல் ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், சரி. பிள்ளை பின்தங்குவதை இனி என் அம்மாவைப் போன்ற பெற்றோரிடம் யார் சொல்வது?