விரும்பினதையே முதலாவதாகப் போடுங்க

போன ஞாயிறு அக்காவின் மகள் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டோடு வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் இருந்து கொப்பித் தாளில் பென்சிலால் பாடநெறிகளை எழுதுகிறாள், அழிக்கிறாள், திரும்ப எழுதுகிறாள். அழித்து அழித்துத் தாள் ஓர் இடத்தில் ஓட்டையாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து மருத்துவம் மருத்துவம் என்று சொன்ன பிள்ளை. அந்த மருத்துவம் ஐந்தாவது இடத்தில் கிடந்தது. ஏன் பிள்ளை இப்படி என்று கேட்டேன்.

"போன வருச வெட்டுப்புள்ளிக்கு எனக்குக் கொஞ்சம் குறையுது மாமா. முதலாவதாப் போட்டு வராட்டி சித்த மருத்துவமும் கைவிட்டுப் போயிடும் என்டு கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

எனக்கு நெஞ்சு பதறியது. இதே கதையைத்தான் நான் உயர்தரம் எழுதிய காலத்தில் டியூசனில் எனக்கும் சொன்னார்கள். "வாறதை மேல போடு, வராததைக் கீழ போடு." நான் ஆசைப்பட்டது பொறியியல். மேலே போட்டது பௌதிக விஞ்ஞானம். பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. பிறகு வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி, வெளிவந்தபோது பார்த்தால், திருகோணமலை மாவட்டத்துக்கான பொறியியல் புள்ளி என்னுடையதைவிடக் குறைவு. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒழுங்கு எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அறியாமை எனக்கு ஒரு தொழிலையே மாற்றிவிட்டது.

இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற ஒழுங்கு இதுதான். இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சரிக்கட்டிக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி) வரிசைப்படி ஒவ்வொருவராக எடுப்பார்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, எதில் முதலில் இடம் இருக்கிறதோ அதைத் தருவார்கள். முதலாவதில் இடமில்லை என்பதற்காக இரண்டாவதில் உங்கள் வரிசை ஓர் அங்குலம்கூடப் பின்னுக்குப் போகாது. ஆனால் விரும்பினதைக் கீழே போட்டதற்குத் தண்டனை உண்டு. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. போன வருட வெட்டுப்புள்ளி போன வருடப் பிள்ளைகளுடையது. இந்த வருடத்துடையது தெரிவு முடிந்த பிறகுதான் பிறக்கும்.

அந்தப் பயம் சும்மா முளைத்ததும் அல்ல. வேறோர் ஒழுங்கில் அது முழு உண்மை. அமெரிக்காவில் பொஸ்டன் நகரப் பாடசாலைகளில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பாடசாலையும் தன்னை முதலாவதாகப் போட்டவர்களைக் கொண்டுதான் முதலில் நிரப்பும். நல்ல பாடசாலையை ஆசைப்பட்டு முதலாவதாகப் போட்டுத் தவறவிட்டால், இரண்டாவதாகப் போட்டது அதற்குள் நிரம்பியிருக்கும். விசயம் தெரிந்த பெற்றோர் கூடிக் கதைத்துக் கணக்குப் பார்த்துப் போட்டார்கள். தெரியாதவர்களின் பிள்ளைகள், விரும்பியதை உள்ளபடி எழுதியதற்காகவே தோற்றார்கள். அல்வின் ரோத் உட்படச் சில பொருளியலாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு 2005 இல் பொஸ்டன் அதைக் கைவிட்டது.

பதிலுக்கு வந்தது டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்ற இரண்டு கணிதக்காரர் 1962 இல் எழுதிய வழி. பாடசாலை யாரையும் உடனே உறுதியாக எடுக்காது, தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். அவரைவிட முன்னுரிமை உள்ள பிள்ளை வேறெங்கோ இடம் கிடைக்காமல் வந்தால் அந்தப் பிள்ளையை எடுத்து இவரை விடும். விடப்பட்டவர் தன் அடுத்த விருப்பத்துக்குப் போவார். இனி யாரும் இடம் மாற வேண்டியதில்லை என்றானதும்தான் எல்லாம் உறுதியாகும். நியூயோர்க்கில் பழைய முறையில் ஏறக்குறைய 30,000 பிள்ளைகள் தாங்கள் எழுதவே எழுதாத பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த முறையைக் கொண்டுவந்த முதல் வருடம் அது 3,000 அளவுக்கு இறங்கியது. பாடசாலைக் கட்டடம் கூடவில்லை, விதி மட்டும் மாறியது. ரோத்துக்கும் ஷாப்லிக்கும் 2012 இல் நோபல் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான். சந்தை வடிவமைப்பு என்று இதற்குப் பெயர். என்னைக் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் நட்டப்படாத ஒழுங்கைக் கட்டுகிற வேலை.

யாருக்கு முன்னுரிமை என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அது நாங்கள் சண்டைபிடித்து முடிவு செய்ய வேண்டியது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்று இங்கே பிரித்திருக்கிறார்கள். அந்தப் பதினாறில் எங்கள் மாவட்டமும் ஒன்று. எழுபதுகளின் தரப்படுத்தல், அதாவது மொழியையும் மாவட்டத்தையும் பார்த்துப் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மாற்றிய முறை, எத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் மனதை உடைத்தது என்று தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன், வெருகலிலும் ஈச்சிலம்பற்றையிலும் படிக்கிற பிள்ளைக்கு அந்த 5 வீதம் வேண்டும். வேண்டாம் என்பவர்களோடு விவாதிக்கத் தயார்.

பல்கலைக்கழக இடத்துக்கு மட்டுமல்ல, சந்தைக்கும் ஒழுங்கு முக்கியம். மீனை எடுத்துப் பார்ப்போம். திருக்கடலூர்க் கரையில் விடிய ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மணலில் பாரையும் அறக்குளாவும் குவித்திருக்கும். கூறுகிறவர் விலையைச் சொல்லச் சொல்ல, ஒருவர் தலையை லேசாக ஆட்டுவார், அவ்வளவுதான், குவியல் கைமாறிவிடும். இதைவிடத் திறந்த சந்தை எங்கே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் என் சித்தப்பாவின் மீன் மட்டும் ஏலத்துக்குப் போகாமல் நேரே ஒரு லொறியில் ஏறியது. கேட்டால், எஞ்சினுக்கு முற்பணம் தந்த முதலாளிக்குத்தான் கொடுக்க வேண்டுமாம், அவர் சொல்கிற விலைக்கு. ஏலத்தில் போன விலை சித்தப்பாவின் காதில் விழுகிறது, கையில் விழவில்லை.

கேரளத்தில் ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கரையில் 11 வள்ளக்காரர் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டப் பார்க்கிறார்கள். 15 கிலோமீற்றருக்குள் வேறு கரைகளில் வாங்க வந்தவர்கள் மீன் கிடைக்காமல் திரும்பப் போகிறார்கள். கைத்தொலைபேசி வந்ததும் கரைக்குக் கரை விலை ஏறக்குறைய ஒன்றானது, வீணாகிற மீன் இல்லாமல் போனது. மீனவருக்கு இலாபம் கூடியது, வாங்குகிறவருக்கு விலையும் இறங்கியது. படிக்கும்போது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் இன்றைக்குச் சித்தப்பாவிடம் இரண்டு போன் இருக்கிறது. கொட்பேயில் என்ன விலை, கிண்ணியாவில் என்ன விலை என்று எல்லாம் தெரியும். கடன் கட்டியிருக்கிறவனுக்கு விலை தெரிந்து என்ன பயன்? மீனவர் சங்கத்தாலோ வங்கியாலோ எஞ்சின் கடனை மீனிலிருந்து பிரித்துக் கொடுக்க முடிந்தால், அந்த ஏலம் அவருக்கும் ஏலமாக இருக்கும்.

வரிசையும் ஓர் ஒழுங்குதான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் படுத்தோம். வேலையை விட்டு வந்து நிற்கக்கூடியவருக்குப் பெற்றோல், நாட்கூலிக்குப் போகிறவருக்கு இல்லை. கியூ ஆர் அட்டையும் கிழமைப் பங்கும் வந்ததோடு அந்த வரிசை மெல்லக் கரைந்தது. அதையும் முதல் மாதமே செய்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருமகள் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தாள். முதலாவது மருத்துவம், மட்டக்களப்பு. இரண்டாவது மருத்துவம், யாழ்ப்பாணம். சித்த மருத்துவம் நாலாவதாக வந்தது. இந்தமுறை பேனையால் எழுதினாள்.

உவர்மலைப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் யாராவது விண்ணப்பம் நிரப்பப் பயந்துகொண்டிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்க. கையேட்டை எடுத்துக்கொண்டு, அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வாங்க. இருந்து பார்ப்போம்.