எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பெயரா?

கட்டடம் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கும் என்று கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ஒரு கட்டடத்தை வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் ஓட்டிப் பார்த்தால், முடிவெல்லாம் 'ஈபிளஸ்அவுட்' என்ற பெயரில்தான் வந்து விழும். மேற்குச் சுவருக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டு ஓட்டினேன், சரி. அப்புறம் அதே ஃபோல்டரில் இரட்டைக் கண்ணாடி. "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அழிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சத்தமில்லாமல் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கட்டளையைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனில் 'மைனஸ் டி' (-d) போட்டுத் தனி ஃபோல்டர் கொடுத்திருக்கலாம்தான். 'மைனஸ் பி' (-p) போட்டால் பெயரின் முன்பகுதியையே மாற்றலாம். ராத்திரி 11 மணிக்கு அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது? இப்போது 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்கள் வைத்திருக்கிறேன். எதில் எந்தக் கண்ணாடி என்றுதான் தெரியவில்லை.