முறைத்தால் போதும்

நிலா: சித்தி, அவன் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டான்.

சித்தி: ரெண்டு சக்கரத்திலுமா?

நிலா: பின் சக்கரத்தில் மட்டும்.

சித்தி: பார்த்தாயா, முன் சக்கரத்தை விட்டுவைத்திருக்கிறான். மனசு வரவில்லை.

நிலா: ஆள் வந்திருக்கும், ஓடியிருப்பான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. வெளியே நிற்க வைத்துவிட்டார்கள்.

சித்தி: அவன் உள்ளிருந்து உன்னைப் பார்த்தானா?

நிலா: பார்த்தான், சிரித்தான்.

சித்தி: அதேதான்.

நிலா: எதேதான்?

சித்தி: சின்ன வயதில் ஒட்டிக்கொண்டு திரிந்தீர்கள். இப்போது பரம எதிரிகள். அவன் சீண்டுகிறான், நீ முறைக்கிறாய். இதற்குப் பேர் என்னடி? காதல்.

நிலா: ஒன்றாக வளர்ந்தவர்கள் மேல் அந்த மாதிரி ஈர்ப்பு வராது சித்தி. வெஸ்டர்மார்க் என்ற ஃபின்லாந்துக்காரர் 1891-லேயே எழுதிவிட்டார்.

சித்தி: அவர் யாரோடு சண்டை போட்டார்?

நிலா: தெரியாது.

சித்தி: அப்புறம் எப்படி அவருக்குத் தெரியும்? நீ உளவியல் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உன்னோடு நிம்மதியாகப் பேச முடியவில்லை. சரி, சண்டை எதில் தொடங்கியது?

நிலா: ஏழாம் வகுப்பில் நான் அழுததை வீடியோ எடுத்து வகுப்புக் குழுவில் போட்டான்.

சித்தி: நீ அழுவதை அவனால் தாங்க முடியவில்லை.

நிலா: தாங்க முடியாதவன் தண்ணீர் கொண்டுவந்து தருவான். இவன் வெளிச்சம் போதவில்லை, இந்தப் பக்கம் திரும்பு என்றான்.

சித்தி: உன் முகம் நன்றாகத் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறான் பாரேன்!

(இந்த இடத்தில் சித்தி போனை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் நிலாவின் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

சித்தி: அவனை வாட்ஸ்அப்பில் ப்ளாக் பண்ணிவிட்டாயா?

நிலா: அன்றைக்கே.

சித்தி: ஐயோ பாவம். அவன் எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நிற்குமே. அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தானோ.

நிலா: போனை அணைத்து வைத்திருந்தாலும் ஒற்றை டிக்தான் வரும். சார்ஜ் இல்லை போல என்று நினைத்துத் தூங்கியிருப்பான்.

சித்தி: அவனைப் பார்த்தால் உனக்கு நெஞ்சு படபடக்கிறதா, இல்லையா? உண்மையைச் சொல்.

நிலா: படபடக்கிறது. என் சைக்கிள் பக்கத்தில் அவனைப் பார்த்தால் ரொம்பவே.

சித்தி: அதேதான்.

நிலா: எதற்காகப் படபடக்கிறது என்பதை மனசு தப்பாகக் கணக்குப் போட்டுவிடும் சித்தி. கனடாவில் டட்டன், ஆரன் என்று ரெண்டு பேர் செய்த ஆய்வு 1974-இல் வெளியானது. பள்ளத்தாக்குக்கு மேலே ஆடுகிற தொங்குபாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் கேள்வி கேட்டுவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்தாள். உறுதியான பாலத்தில் வந்தவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் பிறகு அவளுக்குப் போன் பண்ணினார்கள். பாலத்துப் பயத்தை அவள் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

சித்தி: தொங்குபாலமா! பிரமாதம். கடைசி அத்தியாயத்தை அங்கே வைத்துவிடுகிறேன்.

நிலா: எந்தக் கடைசி அத்தியாயம்?

சித்தி: ஒன்றுமில்லை.

நிலா: சித்தி.

சித்தி: சும்மா ஒரு தொடர்கதை எழுதுகிறேன். இணையத்தில்தான். எண்பது அத்தியாயம் ஆகிவிட்டது.

நிலா: எதைப் பற்றி?

சித்தி: சின்ன வயசு சிநேகிதர்கள் எதிரியாகி, அப்புறம்… ஆனால் நீ இல்லை. அவள் பெயர் வேறு.

நிலா: அவளிடம் சைக்கிள் இருக்கிறதா?

சித்தி: இருக்கிறது.

நிலா: என்ன நிறம்?

சித்தி: …நீலம்.

நிலா: என் சைக்கிள்!

சித்தி: அவளுடையதில் கூடை இருக்கிறது.

நிலா: அவனையும் எழுதியிருக்கிறீர்களா?

சித்தி: கொஞ்சம் உயரமாக்கிவிட்டேன். தாடையும் கூராக்கியிருக்கிறேன். கோபத்தில் தாடை இறுகவேண்டும், இல்லாவிட்டால் வாசகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிலா: உங்கள் ஆள் சைக்கிளில் காற்றைப் பிடுங்குவானா?

சித்தி: பிடுங்காமல்? எழுபத்தெட்டாம் அத்தியாயம். போன வாரம் வந்தது. நல்ல வரவேற்பு.

நிலா: பின் சக்கரம் மட்டுமா?

சித்தி: ஆமாம். உனக்கு எப்படி… இரு, இரு. அவன் என் கதையைப் படிக்கிறானா?

நிலா: படிக்கிறான்.

சித்தி: அப்படியென்றால் ராத்திரி ஒரு மணிக்கு மூன்று இதயம் போட்டது அவன்தானா? அதேதான்! நான் சொல்லவில்லை?

நிலா: என் அண்ணன் என் தலையில் குட்டினால் அவனைத் திட்டுகிறீர்கள். வெளிப் பையன் எனக்கு அதையே செய்தால், உன்மேல் பிரியம் என்று என்னிடம் சொல்கிறீர்கள். நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

(சீண்டினால் ஆசை, அடித்தால் அன்பு என்று பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற பெரியவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அடி வாங்கியது அவர்கள் இல்லை.)

சித்தி: கதைதானே, இதற்குப் போய்…

நிலா: அடுத்த அத்தியாயத்தில் அவன் என்ன செய்கிறான்?

சித்தி: கொட்டுகிற மழையில் வழியை மறித்து, கையைப் பிடித்து இழுத்து, போகாதே என்கிறான். அவள் திமிறுகிறாள். அவன் விடவில்லை.

நிலா: மாற்றுங்கள்.

சித்தி: வாசகர்கள் அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலா: அவனும் வாசகன்தான் சித்தி.

(சித்தி போனைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.)

சித்தி: சரி, என்ன எழுதட்டும்? நீயே சொல்.

நிலா: பம்போடு வந்து, சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு, அந்த வீடியோவுக்கு மன்னிப்புக் கேட்கட்டும்.

சித்தி: அப்புறம்?

நிலா: அப்புறம் வீட்டுக்குப் போகட்டும்.

சித்தி: அவன் போய்விட்டால் மிச்சம் இருபது அத்தியாயத்துக்கு அவள் என்னடி செய்வாள்?

நிலா: பரீட்சைக்குப் படிப்பாள்.

சித்தி: இருபது அத்தியாயமுமா?

நிலா: போர்ஷன் நிறைய இருக்கிறது சித்தி.