கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் இல்லை

மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் போதும், 'இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலக்கிறது' என்று புலம்பல் தொடங்கிவிடும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒருமுறை கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு, மகேந்திரப்பள்ளிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடலோர மண்ணுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் எடை கீழே சுமார் 40 அடிக்கு உப்புநீரை அமுக்கி வைக்கும். மோட்டார் போட்டு அந்த 1 அடியை உறிஞ்சிவிட்டால் என்ன ஆகும்? உப்புநீர் மெல்ல மெல்ல மேலேறும். முதலில் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். பருப்பு வேகாது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பிறகு தென்னை ஓலையின் நுனி கருகும். கடைசியில் காய்ந்த வயலில் உப்புப் பூக்கும்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தால் நிலத்தடியும் நிரம்பும், முகத்துவாரத்தில் கடலும் எட்டி நிற்கும். மணலை அள்ளி அள்ளி ஆற்றுப் படுகையைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால், ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும்போதெல்லாம் உப்புநீர் உள்ளே வரத்தான் செய்யும். பக்கத்திலேயே இறால் குட்டைகளிலும் உப்புநீரைத் தேக்குகிறோம். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு, பதிவு செய்த பண்ணைகளுக்கு வழிவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினத்து வயல்கள் எப்படி மீண்டன? ஜிப்சம் போட்டார்கள், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஆனால் உப்பைக் கரைத்து வெளியே தள்ளியது மழைத் தண்ணீர்தான். அதையும் 'வீண்' என்போமா?

ஆற்றின் குறுக்கே கதவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொள்ளிடத்தின் ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை போல ஆற்றுக்குள்ளேயே நீரைத் தேக்குவது சுற்றுவட்டார நிலத்தடிக்கு நல்லதுதான். ஆனால் வெள்ளத்தில் பத்து நாள் கரைபுரண்டு ஓடிவிட்டுக் கோடை முழுக்க ஆறு வறண்டு கிடந்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? கோடையிலும் கொள்ளிடத்தில் குறைந்தபட்ச ஓட்டம் இருக்க வேண்டும், அதைப் பாசனக் கணக்கிலேயே எழுத வேண்டும். முகத்துவாரம் பக்கம் ஒரு லாரி மணல்கூட எடுக்கக் கூடாது. கடற்கரைக் கிராமங்களில் புது ஆழ்துளைக் கிணறு போடுமுன், இருக்கிற கிணறுகளின் உப்பை ஊராட்சியே அளந்து கிராம சபையில் வைக்கட்டும்.