‘கொண்டாடத் தவறிய காவியம்’ என்று விக்கிப்பீடியாவில் எழுதாதீர்கள்

பெங்களூரில் சனிக்கிழமை ராத்திரி யாராவது ஒருவர் வீட்டில் புரொஜெக்டர் போட்டுப் பழைய தமிழ்ப் படம் பார்க்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. படம் முடிந்த சூட்டோடு தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கிறீர்கள். அங்கே மூன்று வரி இருக்கிறது, அல்லது பக்கமே இல்லை. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் தட்டும் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் வந்து விழும்: “தமிழ் ரசிகர்கள் கொண்டாடத் தவறிய, காலத்தால் அழியாத கல்ட் காவியம்.”

இந்த வரியில் ஒரு தகவல்கூடக் கிடையாது. யார் தவறினார்கள், எந்த வருஷம், அதைச் சொன்னது யார்? ஒருவர் வந்து ‘மேற்கோள் தேவை’ என்ற எச்சரிக்கைக் குறிப்பை (வார்ப்புரு) ஒட்டுவார். சில மாதம் கழித்து இன்னொருவர் வரியையே தூக்கிவிடுவார். தூக்குவதுதான் சரி. அதற்காக அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

படம் வந்தபோது என்ன சொன்னார்கள், பிற்பாடு எப்போது யார் வேறு மாதிரி பேசினார்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகத் தேதியோடு எழுதிவிட்டால் ‘கல்ட்’ என்ற சொல்லுக்கே வேலை இருக்காது. வாசிப்பவர் தானே புரிந்துகொள்வார்.

‘ஆரண்ய காண்டம்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வரிக்குப் பதில் இப்படி எழுதலாம்: தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டது, படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2011 ஜூன் 10 அன்று படம் வெளியானது, சிறந்த அறிமுக இயக்குநருக்கும் சிறந்த படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. இதில் நாமாகச் சேர்த்த பெயரடை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படத்தின் கனம் தெரிகிறது. ‘குணா’வும் அப்படித்தான். 1991 நவம்பர் 5, ‘தளபதி’ வந்த அதே நாளில் வந்தது. டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்றிருந்த கொடைக்கானல் குகையை இன்றைக்கு எல்லோரும் குணா குகை என்கிறார்கள். ஒரு படம் ஜனங்களிடம் தங்கிப்போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்த மாதிரி விஷயத்தைத் தேடிப் பிடித்து, மேற்கோளோடு வையுங்கள்.

நடுநிலை என்றால் பாதி புகழ்ச்சி, பாதி குறை என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்கும் விமர்சனம் ஐந்தும் பாராட்டியிருந்தால், பாராட்டினார்கள் என்றுதான் எழுத வேண்டும். சமன் செய்வதற்காக எங்கிருந்தோ ஒரு வசவைத் தேடிக் கொண்டுவந்தால் அதுதான் சாய்வு.

‘முதல்’ என்ற சொல்லிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, 1954 ஏப்ரல் 13 வெளியீடு, பாடலே இல்லாத தமிழ்ப் படம். உற்சாகத்தில் அதை ‘இந்தியாவின் முதல் பாடலற்ற படம்’ ஆக்கிவிடுகிறார்கள். 1937லேயே இந்தியில் ‘நவ்ஜவான்’ பாடல் இல்லாமல் வந்திருக்கிறது. ‘அந்த நாள்’ படத்தை ‘ரஷோமோன்’ என்ற ஜப்பானியப் படத்தின் தழுவல் என்று ஒரு சாரார் எழுதியிருக்கிறார்கள். 1950இல் வந்த ‘தி உமன் இன் குவெஸ்சன்’ என்ற பிரிட்டிஷ் படம்தான் மூலம் என்று இன்னொரு சாரார் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் பார்த்துவிட்டு எது சரி என்று தீர்ப்புச் சொன்னால் அது சொந்த ஆய்வு. அதற்கு உங்கள் முகநூல் பக்கம் இருக்கிறது. கட்டுரையில் இன்னார் இன்ன நூலில் இப்படிச் சொல்கிறார், இன்னார் மறுக்கிறார் என்று இரண்டு வாக்கியம் போதும்.

கதைச் சுருக்கத்துக்கு மட்டும் வெளி மேற்கோள் தேவையில்லை, படமே ஆதாரம். ஆனால் திரையில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். ‘அவன் வெறித்துப் பார்ப்பது சமூகத்தின் குற்றவுணர்வு’ என்பது விளக்கம், அதற்கு ஒரு விமர்சகரின் பெயர் வேண்டும். முடிவை மறைக்கவும் கூடாது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்தும். கலைக்களஞ்சியம் கொலைகாரன் யார் என்று சொல்லியே ஆக வேண்டும்.

பாட்டுப் புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், பாடலாசிரியர்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒரே சிக்கல், அது படம் வெளிவரும் முன்பே அச்சாவது. கடைசி நேரத்தில் வெட்டிய பாட்டும் பட்டியலில் இருக்கும். அதனால் ‘பாட்டுப் புத்தகத்தின்படி’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

அதிகம் தப்பு நடப்பது ஓடும் நேரத்தில். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் சுமார் 27.4. தணிக்கைச் சான்றிதழில் நீளம் 14,400 அடி என்றிருந்தால் படம் 160 நிமிடம். யூடியூபில் இருக்கும் பிரதி 153 நிமிடம்தான் ஓடுகிறதா? ‘ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடவேண்டிய படத்தை 25 பிரேமில் வீடியோவாக்கினால் 4 சதவீதம் குறையும், குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். 138 நிமிடம் என்றால்தான் எங்கோ பாட்டோ காட்சியோ போயிருக்கிறது. இன்னொன்று: சான்றிதழில் இருப்பது தணிக்கைத் தேதி. அதை வெளியீட்டுத் தேதி என்று போட்டுவிடுகிறார்கள்.

வெளியீட்டுத் தேதிக்குப் பழைய நாளிதழ் விளம்பரம் நல்ல ஆதாரம். கூகுள் செய்திக் காப்பகத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஆனால் பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, நம் ஊர் பேப்பரில் ‘இன்று முதல்’ என்று வந்த விளம்பரம் நம் ஊருக்கு மட்டும்தான் பொருந்தும். மெட்ராசில் ஓடி முடித்த படப்பெட்டி இங்கே பிறகு வந்திருக்கலாம். விகடன் மதிப்பெண்ணை எழுதினால் இதழ்த் தேதியும் சேர்த்து எழுதுங்கள். ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளம் பயனர்கள் நிரப்புவது, அதை மேற்கோளாக வைத்தால் நிற்காது.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஜான் ஆபிரகாமின் 1977 படத்தை ‘அக்ரகாரத்தில் கழுதை’, ‘அக்கிரகாரத்தில் கழுதை’, ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்று மூன்று விதமாக அச்சடித்திருக்கிறார்கள். ஒன்றில் பக்கம், மற்ற இரண்டும் அந்தப் பக்கத்துக்கே கொண்டுவிடும் வழிமாற்று. ‘பொம்மை’ என்றால் 1964 படம், 2023 படம், சினிமாப் பத்திரிகை என்று மூன்று இருக்கிறது. தலைப்பிலேயே ‘(1964 திரைப்படம்)’ என்று போட்டுவிடுங்கள்.

போஸ்டரை, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான படக் கிடங்கான பொதுவகத்தில் (விக்கிமீடியா காமன்ஸ்) ஏற்றாதீர்கள், அழித்துவிடுவார்கள். நியாயப் பயன்பாடு என்று குறித்து, ஒரு லட்சம் பிக்சலுக்குள், அதாவது 260க்கு 384 என்கிற அளவில், தமிழ் விக்கிப்பீடியாவிலேயே ஏற்றலாம்.

படத்தைப் பற்றிச் சுயேச்சையான, விரிவான கட்டுரை குறைந்தது இரண்டு கிடைக்கவில்லை என்றால் தனிப் பக்கம் வேண்டாம். இயக்குநர் பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள், பின்னால் ஆதாரம் கிடைக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். எடுத்தவரின் குடும்பத்தார் யாராவது திருத்தம் சொல்ல வந்தால் கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்துக்கு வரச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், நமக்குக் கிடைக்காத பத்திரிகைத் துண்டு அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

அல்சூர், கன்டோன்மென்ட் பக்கம் பழைய வீடுகளில் பாட்டுப் புத்தகமோ சினிமா இதழோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையை மட்டும் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல் இருக்கும் பக்கம், அச்சகத்தின் பெயர் இருக்கும் பக்கம், இதழாக இருந்தால் மாதமும் வருஷமும் தெரியும் பக்கம், இந்த மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் நேராக எடுத்துக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள்.